வால்சிங்கம் மாதாவிடம் வெறுங்காலோடு

இங்கிலாந்தின் நோர்போக் பகுதியில் இருக்கிறது லிட்டில் வால்சிங்கம். சின்ன ஊர். ஒருகாலத்தில் ஐரோப்பா முழுவதிலிருந்தும் யாத்திரிகர்கள் வந்த இடம்.

1061இல் ரிச்செல்டிஸ் என்ற சீமாட்டிக்கு மாதா மும்முறை காட்சி தந்து, நாசரேத்தில் தான் வாழ்ந்த வீட்டைக் காட்டி, அதே அளவில் இங்கே ஒன்று கட்டச் சொன்னாராம். மறுநாள் காலை புல்வெளியெல்லாம் பனி, இரண்டு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. இரட்டைக் கிணற்றின் அருகே இருந்த இடத்தில் தச்சர்கள் வேலையைத் தொடங்கினார்கள். ஒரு பலகையும் பொருந்தவில்லை. இரவு முழுக்க அம்மையார் செபித்தார். விடிந்து பார்த்தால், வீடு இருநூறு அடி தள்ளி மற்ற இடத்தில் கட்டி முடிந்து நிற்கிறது! நம்மூர்த் தலபுராணம் கேட்டு வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

ஊருக்கு ஒரு மைல் முன்னால் உள்ள 'ஸ்லிப்பர் சேப்பல்' என்ற சிற்றாலயத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பது பழைய வழக்கம். நாங்களும் கழற்றினோம். தார்ச்சாலைப் பொடிக்கல் நன்றாகவே குத்தியது. எட்டாம் ஹென்றியும் 1511இல் வெறுங்காலோடு வந்தவர்தான். அதே ராஜாவின் ஆட்சியில், 1538இல், திருத்தலம் இடிக்கப்பட்டது. மாதா சொரூபத்தை லண்டனுக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். சிற்றாலயம் மாட்டுத் தொழுவமாகவும் கிடந்தது. 1896இல் சார்லட் பாய்ட் என்ற பெண்மணி அதை விலைக்கு வாங்கி மீட்டார்.

திருத்தலத்தோடு சேர்ந்திருந்து இடிந்துபோன துறவியர் மடத்தில் இன்று புல்வெளி நடுவே ஓங்கி நிற்பது கிழக்கு வளைவு மட்டும்தான். எதிரிகள் துரத்திவந்த வீரர் ஒருவர் மாதாவைக் கூப்பிட்டதும், குனிந்து நுழையவேண்டிய சின்ன வாசல் வழியே குதிரையோடு உள்ளே வந்து சேர்ந்தார் என்று ஒரு கதை உண்டு. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான். குதிரை எப்படிக் குனிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயத்தை 1931இல் எழுப்பியபோது அஸ்திவாரம் தோண்டிய இடத்தில் பழைய கிணறு ஒன்று கிடைத்தது. படியிறங்கிப் போனால் குருவானவர் அந்த நீரில் ஒரு வாய் குடிக்கக் கொடுத்து, நெற்றியில் சிலுவை வரைந்து, மீதியைக் கைகளில் ஊற்றுகிறார். சில்லென்று இருந்தது. நெடுநேரம் கையைத் துடைக்கவே மனம் வரவில்லை.

அப்புறம், ஜூலையில் இலங்கைத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே கூடுகிறார்கள். சைவக் குடும்பங்களும் வருவதுண்டு. தமிழில் திருப்பலியும் பவனியும் வேண்டுமென்றால் அப்போது போங்கள். கிணற்றடியில் ஆறுதலாக நிற்க ஆசையென்றால் வேறு மாதம்தான் சரி.