நடுவழியில் கார் நின்றால் எதை முதலில் செய்வது

கார் ஓட்டத் தெரிந்த பலருக்குச் சக்கரத்தைக் கழற்றி மாட்டத் தெரியாது என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவே, இருட்டிய நேரத்தில், குழந்தைகளையும் வயதான பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு போகிறவர் அதைக் கட்டாயம் கற்றிருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். பஞ்சர், இன்ஜின் சூடாவது, பேட்டரி இறங்கிப்போவது, ஃபியூஸ் போவது ஆகியவை சாலையோரத்தில் நாமே சரிசெய்துகொள்ளக்கூடிய கோளாறுகள். இவற்றுக்குப் பெரிய உடல் பலமோ விலை உயர்ந்த கருவிகளோ தேவையில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பது தெரிந்திருந்தால் போதும். அந்த வரிசை மாறும்போதுதான் சின்னக் கோளாறு உயிருக்கே ஆபத்தாகிறது.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் வேலை வண்டியை நிறுத்தும் இடத்தைத் தேர்வதுதான். டயரில் காற்று இறங்கிவிட்டது தெரிந்தாலும், சட்டென்று பிரேக்கை மிதிக்காமல், நான்கு சக்கரமும் சாலையின் ஓரக்கோட்டைத் தாண்டி நிற்கும் சமதளமான இடம்வரை மெதுவாக உருட்டிக்கொண்டு போய்விடுங்கள். டயர் கிழிந்து வீணானால் வேறு டயர் வாங்கிக்கொள்ளலாம். நிறுத்தியதும் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, எல்லோரையும் இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, தடுப்புக் கம்பி இருந்தால் அதற்கு அப்பால் நிற்கச் சொல்லுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடந்துவிடும்; எச்சரிக்கை முக்கோணத்தை 50 மீட்டர் பின்னால் வைத்தால், பின்னால் வருகிறவருக்கு இரண்டு நொடிகூடக் கிடைக்காது. ஆகவே நெடுஞ்சாலையில் 100 மீட்டராவது நடந்துபோய் வைப்பது நல்லது. வளைவில் நின்றிருந்தால் வளைவு தொடங்குவதற்கு முன்பே வைக்க வேண்டும்.

இனி பஞ்சர். கை பிரேக்கைப் போட்டு, கியரை முதல் கியரில் விட்டு, பஞ்சரான சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லை அண்டை கொடுங்கள். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போதே, நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் சக்கரம் கூடவே சுழலும்; முழு பலத்தையும் கொடுத்து இழுக்கும்போது வண்டி ஜாக்கியிலிருந்து நழுவவும் கூடும். ஜாக்கியை எங்கே வேண்டுமானாலும் வைத்துவிடக் கூடாது. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டின் விளிம்பில், சக்கரத்துக்கு அருகே, பெரும்பாலான கார்களில் இரண்டு சிறிய வெட்டுகள் இருக்கும். விரலால் தடவினாலே தட்டுப்படும். அவற்றுக்கு நடுவில்தான் ஜாக்கியின் தலை உட்கார வேண்டும். தூக்கியதும் ஸ்டெப்னியை, அதாவது மாற்றுச் சக்கரத்தை, வண்டிக்கு அடியில் படுக்கப்போட்டுவிடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல் நிற்கும். பழைய சக்கரத்தைக் கழற்றியதும் அதை அடியில் தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுத்துக்கொள்ளலாம்.

நட்டுகளையெல்லாம் கழற்றிய பிறகும் சக்கரம் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு வராமலிருப்பது உண்டு. அப்போது ஜாக்கியில் நிற்கும் வண்டியை உதைக்காதீர்கள். நட்டுகளை மீண்டும் சில சுற்றுகள் மட்டும் மாட்டி, அடியில் இருக்கும் சக்கரத்தை வெளியே இழுத்துவிட்டு, வண்டியை மெல்ல இறக்கினால், அதன் எடையிலேயே பிடிப்பு விட்டுவிடும். புதிய சக்கரத்தை மாட்டும்போது நட்டின் கூம்பிய பக்கம் சக்கரத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றை முறுக்கியதும் அதற்கு எதிரே இருப்பதை முறுக்க வேண்டும். கடைசி இறுக்கம் வண்டி தரையில் இறங்கிய பிறகுதான். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிய பின் ஒருமுறை நிறுத்தி, நட்டுகளை இன்னொரு தரம் இறுக்கிப் பாருங்கள். சில கார்களில் ஸ்டெப்னி ஒல்லியாக இருக்கும். அதன்மேல் மணிக்கு 80 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தால் அந்த வேகத்தைத் தாண்டக் கூடாது. 2020-இல் வந்த விதித் திருத்தத்தின்படி, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்பதால், உங்கள் டிக்கியில் என்ன இருக்கிறது என்பதை வீட்டிலேயே திறந்து பார்த்துவிடுவது நல்லது. டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்திருந்தால் ஒட்டும் சாதனம் உதவாது.

இன்ஜின் சூடாவது மலையேறும்போது அதிகம் நேர்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில், பானட்டிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்த ஒரு காரின் உரிமையாளர் கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனதைப் பார்த்து, "அண்ணே, இப்ப தொறக்காதீங்க, மூஞ்சிலயே அடிச்சிரும்" என்று ஓடிப்போய்த் தடுத்தேன். ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடி விலகியதும் அழுத்தம் போய்விட, அந்தக் கணமே கொதித்துப் பீறிட்டு வெளியே வருகிறது. சூட்டு முள் ஏறுவதைக் கண்டதும் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். வெயில் காலத்தில் இது கொடுமையாக இருக்கும், ஆனால் இன்ஜினின் சூட்டில் ஒரு பகுதியை அது வெளியேற்றுகிறது. முள் இறங்காவிட்டால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்து, அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். ரேடியேட்டரின் மேல் குழாயை (ஹோஸை) கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பிறகே மூடியைத் திறந்து, குறைந்த அளவைக் கூலன்டாலோ, அது இல்லையென்றால் நல்ல தண்ணீராலோ நிரப்பலாம். சூட்டோடு பேட்டரி விளக்கும் எரிந்தால் இன்ஜினின் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்புண்டு; தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, வண்டியை ஓட்டவே கூடாது.

சாவியைத் திருகினால் "டக் டக்" என்று மட்டும் கேட்டு, செல்ஃப் எடுக்காமல், டேஷ்போர்டு விளக்குகளும் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கலாம். முதலில் பேட்டரியில் வயர் மாட்டியிருக்கும் முனையை (டெர்மினலை) அசைத்துப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போய்த் தளர்ந்திருந்தால், துடைத்து இறுக்கினாலே பல வண்டிகள் உயிர்பெறும். வேறொரு காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பதானால், சிவப்பு வயரை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவிலும், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும் மாட்டுங்கள். அடுத்துக் கறுப்பு வயரை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, அதன் மறுமுனையை நின்றுபோன காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் கடிக்கவிடுங்கள். அந்தக் கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும் என்பதால் அந்தப் பொறி பேட்டரியை விட்டுத் தள்ளியிருக்க வேண்டும். கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

வைப்பரோ ஹாரனோ மட்டும் நின்றுபோனால் ஃபியூஸ் பெட்டியின் மூடியில் உள்ள படத்தைப் பார்த்து, அதே ஆம்பியர் கொண்ட ஃபியூஸை மாற்றுங்கள். அது மறுபடியும் போனால் பெரிய ஃபியூஸைப் போட்டுச் சமாளிக்கக் கூடாது, வயர் தீப்பிடிக்கும்.

சிவப்பு ஆயில் விளக்கு எரிவது, பிரேக் மிதி தொளதொளவென்று இறங்குவது, பெட்ரோல் வாசனை அடிப்பது ஆகிய மூன்றிலும் நாமே கை வைக்காமல் இன்ஜினை அணைத்துவிட்டு உதவிக்கு அழைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம். ஆட்டோமேட்டிக் கார் அல்லது மின்சாரக் கார் என்றால் அழைக்கும்போதே அதைச் சொல்லி, நான்கு சக்கரத்தையும் தூக்கி ஏற்றும் தட்டு வண்டியைக் கேளுங்கள். கயிறு கட்டி இழுக்க விட்டால் கியர் பெட்டியோ மோட்டாரோ கெட்டுப்போகும்.