மூக்கின் வேலையை யார் பார்ப்பது?

டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போது பெரும்பாலும் எங்களிடம் வரும் கேள்வி, "தையல் எப்ப சிஸ்டர் பிரிப்பீங்க?" என்பதுதான். கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாயில் வைத்த ட்ரக்கியாஸ்டமி டியூப்போடு வீட்டுக்குப் போகிறவருக்குத் தையலால் பெரிய தொந்தரவு வருவதில்லை. காய்ந்த சளிதான் ஆளைத் திண்டாட வைக்கும்.

மூக்கு வழியாகப் போகும் காற்று சூடாகி, ஈரமாகி, தூசு நீங்கி உள்ளே இறங்கும். டியூப் வைத்தபின் காற்று வறண்டபடியே நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. சளி பசையாக இறுகி, வெளி டியூப்புக்குள் கழற்றி மாட்டும்படி இருக்கும் இன்னர் டியூப்பின் உள்பக்கம் அப்பளத் துணுக்கு மாதிரி ஒட்டிக்கொள்ளும். துவாரம் சுருங்கச் சுருங்க மூச்சில் விசில் சத்தம் வரும். அப்போது முதலில் இன்னர் டியூப்பைக் கழற்றுங்கள். சக்‌ஷன் மெஷின் (சளி உறிஞ்சும் கருவி) அப்புறம்.

கழற்றுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. வெளி டியூப்பின் தகட்டை ஒரு கையால் கழுத்தோடு பிடித்துக்கொண்டு, மறு கையால் உள் டியூப்பை அதன் வளைவின் போக்கிலேயே எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் வெளி டியூப்பும் கூடவே வந்துவிடும். நாளுக்கு 3 முறையாவது கழுவ வேண்டும். சளி அதிகமென்றால் 4 மணி நேரத்துக்கு ஒரு தரம். மெட்டல் டியூப்பைப் பிரஷ் விட்டுத் தேய்த்து, கொதிக்க வைத்து, நன்றாக ஆறியபின் போடலாம். பிவிசி (பிளாஸ்டிக்) டியூப்பைக் கொதிக்க வைத்தால் வளைந்து நெளிந்து, திரும்ப உள்ளே போகாது.

சக்‌ஷன் குழாய் இன்னர் டியூப்பின் துவாரத்தில் பாதிக்கு மேல் தடித்திருக்கக் கூடாது. இருந்தால் சளியோடு மூச்சையும் உறிஞ்சிவிடும். 8-ம் நம்பர் டியூப்புக்கு 12 பிரெஞ்ச் (குழாயின் தடிமன் அளவு) குழாய் சரி. அழுத்தம் பெரியவர்களுக்கு 80 முதல் 120 மி.மீ. மெர்குரி. உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது. வெளியே எடுக்கும்போது மட்டும், அதுவும் 10 விநாடிக்குள். வார்டில் அளந்து கொடுத்த ஆழத்தைத் தாண்டிக் குத்தினால் ரத்தம் கசியும்.

டியூப் வாயில் ஈரமான காஸ் துணியை இரண்டாக மடித்துத் தொங்கவிடுங்கள்; காயக் காய மாற்றுங்கள். பஞ்சு வேண்டாம். டியூப்புக்கு அடியில் வைக்கும் காஸையும் கத்தரியால் வெட்டாமல் மடித்தே வையுங்கள். வெட்டினால் பிரியும் நூல் மூச்சோடு உள்ளே போகும். தாளிப்பு நெடி, ஊதுபத்தி, கொசுவர்த்தி, கழுத்தில் போடும் பவுடர் எல்லாவற்றுக்கும் லீவு. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பதும் கூடாது.

டியூப்பைக் கட்டும் நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். நாடா மாற்றும்போது புதியதைக் கட்டியபின்தான் பழையதை வெட்ட வேண்டும். அதே அளவில் ஒரு டியூப்பும் ஓர் அளவு சிறியதும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இன்னர் டியூப்பை எடுத்தும் மூச்சுத் திணறினாலோ, புது ரத்தம் வந்தாலோ உடனே 108.

இவ்வளவையும் டிஸ்சார்ஜ் அன்று பத்து நிமிஷத்தில் ஒப்பித்து அனுப்புவது வீண் வேலை. நாலைந்து நாள் முன்பே, எங்கள் கண்ணெதிரே, வீட்டார் தங்கள் கையாலேயே செய்து பழக வேண்டும். பல வீடுகளில் பழகிக்கொள்வது மருமகள், ராத்திரி பக்கத்தில் படுப்பது மகன். இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நோயாளியால் சத்தம் போட்டுக் கூப்பிட முடியாது என்பது முதல் ராத்திரிதான் வீட்டாருக்கு உறைக்கும். எவர்சில்வர் டம்ளர் ஒன்றும் ஸ்பூன் ஒன்றும் தலைமாட்டில் வையுங்கள், தட்டினால் கேட்கும்.