‘நோ’வை ‘சோ’ என்று வாசித்தது

“எழுதியிருக்கிறதை அப்படியே வரைங்க. மூடலைன்னா மூடலைன்னு ஓரத்துல குறிச்சிடுங்க” என்றார் மூத்த வரைவாளர். பழைய நில ஆவணத்தின் எல்லை விவரத்தைப் படித்துப் படமாக வரைவது என் வேலை. எல்லைக்கோடு தொடங்கிய இடத்துக்கே திரும்பினால்தான் படம் மூடும். நான் ஒரு எழுத்தை மாற்றி மூடவைத்தேன். சரியாகத்தான் செய்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன். இருந்தும் அந்தத் தாள் உறுத்துகிறது.

பிரிட்டிஷ் குடியேற்றமாயிருந்த வர்ஜீனியாவில், 1730களில் மன்னர் பெயரில் தந்த நில மானியம், 400 ஏக்கர். சர்வேயர் கையால் வரைந்த படம் இல்லை. பதிவேட்டில் எழுத்தர் படியெடுத்த எல்லை விவரம் மட்டுமே. நீளமெல்லாம் கோல் கணக்கு: ஒரு கோல் 16.5 அடி, 160 சதுரக் கோல் ஓர் ஏக்கர். கடைசிக் கோடு, தொடங்கிய வெள்ளை ஓக் மரத்துக்கே திரும்ப வேண்டும். அதுவோ 35 கோல் வடக்கே போய் நின்றது.

அளவுச் சங்கிலியை எண்ணியதில் தவறு என்றால் பிழை அந்தக் கோட்டின் திசையிலேயே விழும். திசைமானியைச் சற்றுத் தவறாகப் பார்த்திருந்தால் கோட்டுக்குக் குறுக்கே விழும். இதுவோ நேர் வடக்கு. மூன்றாம் கோடு வடக்கு 80 டிகிரி கிழக்கு, அதாவது வடக்கிலிருந்து கிழக்காக 80 டிகிரி திரும்பி, 100 கோல். அது வடக்கே நகர்வது 17.4 கோல். வடக்கைத் தெற்காக்கினால் முனை அதைப் போல் இரு மடங்கு, 34.7 கோல், தெற்கே இறங்கும். எழுத்தர்கள் வடக்கை ‘நோ’ என்றும் தெற்கை ‘சோ’ என்றும் சுருக்குவார்கள். ‘சோ’ என்று வாசித்தேன், மூடிக்கொண்டது. 396 ஏக்கர்.

ஆனால் ‘தெற்கே 35 கோல்’ என்று ஒரு வரியே விடுபட்டிருந்தாலும் மூடும். எல்லா வரியும் ‘அங்கிருந்து’ என்று தொடங்கும்போது படியெடுப்பவர் கண் ஒரு வரி தாண்டுவது சகஜம். மூன்றாம் கோட்டை அடுத்து அதைச் சேர்த்தால் 407 ஏக்கர். 400க்கு 396தான் கிட்டே என்று அன்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது நிற்காது. மன்னருக்கான நிலவரி 50 ஏக்கருக்கு ஆண்டுக்கு 1 ஷில்லிங். நிலத்தில் தாராளமாக அளந்து ஏட்டில் குறைத்துக் காட்டினால் உரிமையாளருக்கு ஆதாயம். ஆகவே 407ம் பொருந்தும்.

பக்கத்து மானியம் 40 ஆண்டு பிந்தையது. அதே எல்லையைத் தெற்கு 82 டிகிரி கிழக்கு என்கிறது. காந்த வடக்கு அங்கே ஆண்டுக்குச் சில நிமிடக் கோணம் நகர்ந்துகொண்டிருந்த காலம். என் தெற்கு 80க்கும் அதற்கும் உள்ள 2 டிகிரி வேறுபாடு அந்த நகர்வில் அடங்கிவிடும். அதைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது, சில நாள். பிறகு தோன்றியது: விடுபட்ட வரி உண்மையிலேயே இருந்து, மூன்றாம் கோட்டுக்கும் அதற்கும் நடுவில் நின்ற மூலைமரம் அந்த 40 ஆண்டுக்குள் விழுந்திருந்தால்? பின்னால் வந்த சர்வேயர் மிஞ்சிய இரு மரங்களை நேராக இணைத்திருப்பார். அப்போதும் இதே கோணம்தான் வரும்.

இரண்டு வாசிப்புக்கும் நடுவிலுள்ள 11 ஏக்கர் முக்கோணத்தைப் புள்ளிக்கோட்டிலாவது காட்டியிருக்கலாம். தாளில் ஒரே முழுக்கோடு. ஓரத்தில் குறிப்பு எதுவும் இல்லை.