ரோம் கெட்டோ: பூட்டி வைத்த தெருக்களில் பிறந்த சமையல்

ரோமுக்குப் போகிற நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் கொலோசியம், வத்திக்கான், திரேவி நீரூற்று என்று பார்த்து முடித்துவிட்டு மறுநாளே ஃப்ளோரன்ஸுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். விடுமுறை குறைவு, பார்க்க வேண்டியது அதிகம், அதெல்லாம் சரிதான். ஆனாலும் ஒரு மத்தியானம் மிச்சம் பிடிக்க முடிந்தால் டைபர் ஆற்றங்கரையில் இருக்கும், கெட்டோ என்று அழைக்கப்படும் பழைய யூதக் குடியிருப்புக்குப் போங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன். அங்கே சாப்பாட்டையும் சரித்திரத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது. தட்டில் வருகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒரு போப் போட்ட தடை இருக்கிறது, அந்தத் தடைக்குள்ளேயே ருசியாகச் சமைத்துக் காட்டிய பெண்கள் இருக்கிறார்கள்.

எட்டாம் எண் ட்ராமில் அரெனுலா சாலையில் இறங்கினால் கொஞ்ச தூர நடைதான். வியா தெல் போர்ட்டிகோ தோத்தாவியா என்பது முக்கியத் தெரு. தெரு முனையில், அகஸ்டஸ் சக்கரவர்த்தி தன் அக்கா ஆக்டேவியாவின் பெயரில் கட்டிய மண்டபத்தின் தூண்கள் பாதி இடிந்து நிற்கின்றன. அந்த இடிபாட்டுக்குள்ளேயே ஒரு சர்ச். இடைக்காலத்தில் அதைச் சுற்றித்தான் ரோமின் மீன் சந்தை நடந்தது. தெருவில் நடந்தால் வரிசையாக உணவகங்கள், ஹீப்ரு எழுத்தில் பலகைகள், யூதப் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருகிற பிள்ளைகள், பெஞ்சுகளில் உட்கார்ந்து உரக்கப் பேசிக்கொண்டிருக்கும் தாத்தா பாட்டிகள். கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத் தெரு பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே உறைக்கும். அங்கே 1568-ல் கட்டிய அழகான ஆலயம் இருக்கிறது, ஆனால் சமூகம் ஏறக்குறைய முழுவதும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டது, தெருவில் மிஞ்சியவை பழம்பொருள் கடைகள்தான். ரோமில் இன்றைக்கும் பதின்மூன்றாயிரம் பேர் அளவுக்கு யூதர்கள் வாழ்கிறார்கள். எல்லோரும் இந்தத் தெருக்களில் குடியிருப்பதில்லை, ஆனால் கல்யாணம், பண்டிகை, பள்ளிக்கூடம், அரட்டை எல்லாவற்றுக்கும் இங்கேதான் வருகிறார்கள்.

இவர்கள் ரோமுக்கு வந்த கதை கிறிஸ்தவத்தைவிடப் பழையது. கி.மு. 161-ல் யூதேயாவிலிருந்து மக்கபேயர்கள் என்ற யூதக் கிளர்ச்சித் தலைவர்களின் தூதுக்குழு ரோம் செனட்டைத் தேடி வந்தது. அன்றிலிருந்து இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாக இந்த ஊரில் யூதர்கள் இருந்துகொண்டே இருக்கிறார்கள். கி.பி. 70-ல் ரோம் தளபதி டைட்டஸ் ஜெருசலேம் ஆலயத்தை இடித்துத் தள்ளினான், அங்கிருந்து கொள்ளையடித்த ஏழு கிளை விளக்கைத் தூக்கி வரும் காட்சி ரோமன் ஃபோரத்தில் உள்ள அவனுடைய வெற்றி வளைவில் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. அந்த வளைவுக்கு அடியில் நடப்பதில்லை என்று ரோம் யூதர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தார்கள். இஸ்ரேல் உருவான காலத்தில்தான் கூட்டமாகப் போய், அன்றைய வெற்றி ஊர்வலத்துக்கு எதிர்த் திசையில் அதைக் கடந்தார்கள்.

சாப்பாட்டுக் கதை 1555-ல் தொடங்குகிறது. அந்த ஜூலை மாதம் நான்காம் பவுல் என்ற போப் ஒரு ஆணை போட்டார். ஊரில் உள்ள யூதர்கள் எல்லோரும் ஆற்றோரத்துப் பள்ளப் பகுதியில் மதிலுக்குள் இருக்க வேண்டும், இரவானால் கதவைப் பூட்டிவிடுவார்கள். மதில் கட்டிய செலவும் அவர்கள் தலையிலேயே. சொந்த வீடு, நிலம் கூடாது. ஆண்கள் மஞ்சள் தொப்பி போட வேண்டும். செய்ய அனுமதித்த தொழிலில் முக்கியமானது பழந்துணி வியாபாரம். டைபரில் வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது இந்தத் தெருக்கள்தான். சனிக்கிழமை தோறும் பக்கத்துச் சர்ச்சுகளில் மதம் மாறச் சொல்லும் பிரசங்கத்தைக் கட்டாயமாகக் கேட்க வைத்தார்கள். காதில் மெழுகை அடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள் என்று ஊரில் சொல்வதுண்டு. அப்படிப்பட்ட ஒரு சர்ச், சான் கிரெகோரியோ, இப்போதும் கெட்டோவுக்கு எதிரே இருக்கிறது. வாசலுக்கு மேலே ஏசாயா புத்தகத்து வசனத்தை லத்தீனிலும் ஹீப்ருவிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய வேதத்தின் வரியையே எடுத்து அவர்களைக் கண்டிக்க அந்த வாசலில் மாட்டி வைத்ததைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

இது ஏதோ ஒரு போப்பின் காலத்தோடு முடிந்த விஷயமும் இல்லை. நடுவில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து கொஞ்ச காலம் திறந்துவிட்டார்கள், போப்புகள் மறுபடியும் பூட்டினார்கள், 1848-ல் மதில் இடிக்கப்பட்டது, ஆனாலும் முழு விடுதலை 1870-ல் ரோம் இத்தாலியோடு சேர்ந்த பிறகுதான் கிடைத்தது. முந்நூறு வருஷத்துக்கு மேல்.

சரி, பூட்டிய தெருவுக்குள் கையில் காசில்லாமல் இருக்கிறவர்கள் என்ன சமைப்பார்கள்? எண்ணெயில் பொரிப்பார்கள். எதைப் போட்டாலும் ருசியாகிவிடும். உப்பிட்ட காட் மீனை ஊறவைத்து மாவில் தோய்த்துப் பொரிப்பது, சுக்கினி என்ற பூசணி வகைக் காயைப் பொரித்து வினிகர், பூண்டு, புதினாவில் ஊறப்போட்டுச் யூதர்களின் ஓய்வு நாளான சபாத் அன்று ஆறிய பிறகு சாப்பிடுவது, பூசணிப்பூவுக்குள் சீஸும் நெத்திலியும் வைத்துப் பொரிப்பது, இதெல்லாம் இன்று ரோம் சமையல் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியிருக்கிறது. மீன் விஷயத்தைப் பாருங்கள். ஆக்டேவியா மண்டபத்துச் சுவரில் ஒரு பளிங்குப் பலகை இருக்கிறது. இந்தப் பலகையைவிட நீளமான மீனாக இருந்தால் தலையை, முதல் துடுப்பு வரைக்கும், நகராட்சி அதிகாரிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று லத்தீனில் வெட்டியிருக்கிறது. மீன் தலைக்கு அப்படி ஒரு கிராக்கி என்பது நமக்குப் புரியும், குழம்புக்கு அதைவிட ருசியான பாகம் ஏது? பெரிய மீன் பெரியவர்களுக்குப் போனது, யூத வீடுகளுக்கு நெத்திலியும் சந்தையில் மிஞ்சிய துண்டு துணுக்கும் வந்தன. அந்த நெத்திலியை முள் எடுத்து, கசப்பான எண்டைவ் கீரையோடு அடுக்கடுக்காக வைத்து அடுப்பில் சுடுகிறார்கள். உப்பு, ஆலிவ் எண்ணெய் தவிர வேறொன்றும் இல்லை. கீரையின் கசப்பும் மீனின் உப்பும் சேர்ந்து வாயில் நிற்கிற அந்த ருசிக்காக இன்னொரு தட்டு கேட்டு வாங்கினேன்.

அப்புறம் ஆர்ட்டிசோக், இதழ் இதழாக மூடிய மொட்டு மாதிரியான காய். இந்தத் தெருவின் ராணி இதுதான். யூத முறை ஆர்ட்டிசோக் என்றே இத்தாலி முழுக்க இதற்குப் பெயர். ரோமைச் சுற்றி விளையும் உருண்டையான, உள்ளே முள்நார் இல்லாத வகையில்தான் இதைச் செய்ய வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல், மே வரை அதன் பருவம். உணவக வாசலிலேயே கூடை நிறைய வைத்துக்கொண்டு ஒருவர் சீவிக்கொண்டிருப்பார், நின்று பாருங்கள். ஒரு கையில் காயைச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையில் சின்னக் கத்தியைச் சாய்த்துப் பிடித்து, வெளி இதழ்களின் கெட்டியான நுனியை மட்டும் சுழல் சுழலாகச் சீவி எடுக்கிறார்கள். கத்தி நிற்பதே இல்லை. காய் கறுக்காமல் இருக்க உடனே எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரில் போடுகிறார்கள். பிறகு முழுக் காயாக எண்ணெயில், மிதமான சூட்டில், உள்ளே மெத்தென்று வேகும் வரை பொரிக்கிறார்கள். எடுத்து ஆறவைத்து, தலைகீழாகப் பிடித்து மெதுவாக அழுத்தினால் இதழ்கள் விரிந்து கொடுக்கின்றன. இரண்டாவது முறை நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போட்டு, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறார்கள், படபடவென்று வெடித்து இதழெல்லாம் செம்பு நிறத்துக்கு வந்துவிடுகிறது. வெளி இதழ்கள் அப்பளம் மாதிரி நொறுங்குகின்றன, நடுப்பகுதி வெண்ணெயாகக் கரைகிறது, உப்பு மட்டும்தான். முழுச் சைவம் என்பதால் நம்மில் பலருக்கு இந்தத் தெருவில் இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது.

2018-ல் இஸ்ரேலின் தலைமை ரப்பிகள் (யூத மதகுருக்கள்) அலுவலகம் இது கோஷர் இல்லை, அதாவது யூத உணவு விதிப்படி சாப்பிடத் தகுந்தது இல்லை என்று சொல்லிவிட்டது. முழுக் காயாகப் பொரிப்பதால் இதழுக்குள் பூச்சி இருந்தால் தெரியாது என்பது காரணம். ரோம் யூதர்கள் கொதித்துப் போனார்கள். எங்கள் ஆர்ட்டிசோக் இதழ்கள் இறுக்கமானவை, பூச்சி நுழையாது, எப்படிச் சுத்தம் செய்வது என்று எங்கள் பாட்டிகளுக்குத் தெரியும் என்றார்கள். ரோமின் தலைமை ரப்பி ரிக்கார்டோ தி செஞ்ஞி தானே ஆர்ட்டிசோக் சீவுகிற வீடியோவை வெளியிட்டார். நான் ரோம்காரர்கள் பக்கம்தான். பஞ்சத்தில் கண்டுபிடித்து நூற்றாண்டுகளாகக் காப்பாற்றி வைத்த ஒன்றை, அதைச் சமைத்தறியாதவர்கள் தொலைவிலிருந்து ஒரு வரியில் தள்ளிவிட முடியாது.

1492-ல் ஸ்பெயினும், அதன் ஆட்சியிலிருந்த சிசிலியும் யூதர்களைத் துரத்தின. அப்படி வந்தவர்களில் பலர் இங்கே சேர்ந்தார்கள். கெட்டோவுக்குள் ஒரே ஒரு யூத ஆலயம், அதாவது சினகாக்தான் அனுமதி என்று சட்டம் சொன்னதும், கத்தலான், கஸ்தீலியன், சிசிலியன், பழைய ரோம்காரர்கள் உட்பட ஐந்து சபைகளும் ஒரே கூரைக்கு அடியில் ஐந்து அறைகள் அமைத்துக்கொண்டன. கட்டடம் இப்போது இல்லை, ஐந்து பள்ளிகளின் சதுக்கம் என்ற பெயர் மட்டும் இருக்கிறது. ஆனால் அவர்கள் கொண்டு வந்த கத்திரிக்காயும், உப்புச் சுவைப் பதார்த்தங்களில் உலர் திராட்சையும் பைன் கொட்டையும் சேர்க்கிற பழக்கமும் இந்த ஊர்ச் சமையலில் கலந்தே போய்விட்டன.

இந்தத் தெருவில் சாப்பிட்டுவிட்டு நடக்கும்போது தரையைப் பாருங்கள். வீட்டு வாசல்களில் உள்ளங்கை அளவு பித்தளைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பிறந்த வருஷம், பிடித்துக்கொண்டு போன தேதி, கொல்லப்பட்ட இடம். தேதி திரும்பத் திரும்ப ஒன்றேதான்: 16.10.1943. அதற்கு முந்தைய மாதம், 36 மணி நேரத்துக்குள் 50 கிலோ தங்கம் கொடுத்தால் யாரையும் தொட மாட்டோம் என்று நாஜி ஜெர்மன் அதிகாரி கப்ளர் சொன்னான். மோதிரம், சங்கிலி என்று கழற்றிக் கொடுத்தார்கள், யூதரல்லாத ரோம்காரர்களும் வந்து கொடுத்தார்கள், 50 கிலோ சேர்ந்தது. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில் மழைக்குள் வந்து வீடு வீடாக இழுத்துப் போனார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள், திரும்பி வந்தவர்கள் 16 பேர். அதில் ஒரே ஒரு பெண். ஒரு வாசலில் ஒரே குடும்பப் பெயரோடு கற்கள் வரிசையாக இருந்தன, ஒன்றில் பிறந்த வருஷம் 1940-க்குப் பிறகு. குனிந்து படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசத் தோன்றவில்லை.

ஆற்றோரத்தில் 1904-ல் திறந்த பெரிய சினகாக்கின் சதுரக் கோபுரம் தெரியும். ரோமின் வட்டக் குவிமாடங்களுக்கு நடுவே தனியாகத் தெரிய வேண்டும் என்றே அப்படிக் கட்டினார்கள். 1986-ல் இரண்டாம் ஜான் பால் போப் இங்கே வந்து இவர்களை மூத்த சகோதரர்கள் என்று அழைத்தார். கீழ்த்தளத்து அருங்காட்சியகத்தில் தோரா என்ற வேதச் சுருள்களைப் போர்த்தும் துணிகளைக் கண்டிப்பாகப் பாருங்கள். பழந்துணி மட்டும் விற்கலாம் என்று விதித்தவர்களின் வீட்டுப் பட்டையும் வெல்வெட்டையும் வாங்கி, வெட்டி, ஒட்டுத் தெரியாமல் தைத்துத் தங்கள் வேதத்துக்கு உடுத்தியிருக்கிறார்கள்.

இனி போகிறவர்களுக்கு. வெள்ளி மாலை முதல் சனி இருட்டும் வரை கோஷர் கடைகள் மூடியிருக்கும், அதற்கேற்ப நாளை வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சி சமைக்கும் கோஷர் உணவகத்தில் சீஸ், பால் எதுவும் கிடைக்காது, பால் உணவகத்தில் இறைச்சி கிடையாது. சீஸ் வைத்த பூசணிப்பூ வேண்டுமென்றால் இரண்டாவதற்குப் போக வேண்டும். மெனுவில் ஆர்ட்டிசோக் வருஷம் முழுக்க இருந்தாலும் வசந்த காலத்தில் வருவதுதான் அந்த ஊர்க் காய். தெரு முனையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு பேக்கரி, பொச்சோனே என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். பாதாம், உலர் திராட்சை, பழத்துண்டு எல்லாம் அடைத்து மேல்புறம் கருகக் கருகச் சுட்ட கட்டையான துண்டு ஒன்று தருவார்கள், கருகிவிட்டதே என்று தயங்காதீர்கள், அந்தக் கருகலில்தான் ருசி. புளிப்புச் செர்ரியும் ரிக்கோட்டா சீஸும் வைத்து மேலேயும் மாவால் மூடிய கேக் இன்னொன்று. யூதர்கள் பால் பொருள் விற்கக் கூடாது என்று தடை இருந்த காலத்தில் சீஸ் தெரியாமல் இருக்க இப்படி மூடினார்கள் என்பது ஊரில் சொல்லும் கதை. முன்கூட்டியே போய்விடுங்கள், வரிசை நீளமாக இருந்தாலும் நில்லுங்கள், அந்தச் செர்ரி கேக் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது.