மாலை வகுப்பு, பகல் பயிற்சி: நியூயார்க்கில் கணித ஆசிரியர் சான்றிதழ் வாங்கிய அனுபவம்

நியூயார்க் மாநிலத்தின் இனிஷியல் சர்டிபிகேட், அதாவது ஆசிரியர்களுக்கான முதல் கட்டச் சான்றிதழ், ஒருவழியாக வந்துவிட்டது. 7 முதல் 12ஆம் வகுப்பு வரை கணிதம் சொல்லிக்கொடுக்கலாம். பகலில் ஆபீஸ், மாலையில் ஆசிரியர் பயிற்சிக்கான மாஸ்டர்ஸ் என்று படித்து வாங்கியது. படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேராசிரியர்கள் அருமையானவர்கள், பாடங்களும் பிடித்திருந்தன. படுத்தியெடுத்தது காகிதங்கள்தான். அதைவிட, ‘மாலை நேரப் படிப்பு’ என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு, பகலில் என்ன காத்திருக்கிறது என்பதைச் சேரும்போது வாய் திறந்து சொல்லாத ஆலோசனை அலுவலகம். ஊரில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்துவிட்டு இங்கே டீச்சர் வேலைக்குப் போகலாமா என்று யோசிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் மார்க் ஷீட். மூன்று வருட பி.எஸ்சி.யை மட்டும் காட்டினால் இங்கே அதை முழு இளங்கலைப் பட்டமாக எல்லோரும் ஏற்பதில்லை. எம்.எஸ்சி.யையும் சேர்த்தே மதிப்பீட்டுக்கு (நம் படிப்பு இங்கே எதற்குச் சமம் என்று பார்ப்பதற்கு) அனுப்புங்கள். பாடவாரியான மதிப்பீடுதான் வேண்டும். மொத்தப் பட்டத்துக்கு மட்டும் செய்வது விலை குறைவு, ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. டிரான்ஸ்கிரிப்ட் (அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல்) ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்தே மூடிய உறையில் வரவேண்டும். என் தம்பி ஒரு நாள் லீவு போட்டு அங்கே போய்ப் பணம் கட்டி அனுப்பவைத்தான். உறையை ஒட்டிய இடத்தின் மேல் முத்திரை இல்லையென்று இங்கே ஏற்க மறுத்துவிட்டார்கள். அவன் திரும்பவும் போய்க் கேட்டதற்கு, “எல்லா நாட்டுக்கும் இப்படித்தான் அனுப்புறோம், யாரும் ஒண்ணும் சொன்னதில்ல” என்று பதில். கண்காணிப்பாளர் வரும்வரை உட்கார்ந்திருந்து, முத்திரை வைக்கிறதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெளியே வந்தான். உங்களுக்காக யார் போனாலும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

அந்த மதிப்பீட்டிலும் ஒரு சிக்கல். கணித ஆசிரியருக்குக் கணிதத்தில் 30 கிரெடிட் (கல்லூரிப் பாடங்களை அளக்கும் கணக்கு) இருக்கவேண்டும். நம் பி.எஸ்சி. கணிதத்தில் ஸ்டாட்டிக்ஸ், டைனமிக்ஸ் இரண்டும் முக்கியப் பாடங்கள். எங்கள் கணிதத் துறையே நடத்தியது. இங்கே அவற்றை இயற்பியல் கணக்கில் போட்டுவிட்டார்கள். எனக்குக் கிரெடிட் குறைகிறது, இன்னும் இரண்டு பாடம் எடு என்றார்கள். இரண்டு பாடம் என்றால் ஆயிரக்கணக்கில் டாலர். நான் விடவில்லை. ஊரில் கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த மேடமைத் தேடிப் பிடித்து, அந்த ஆண்டுகளின் பாடத்திட்டத்தைப் பக்கத்துக்குப் பக்கம் முத்திரையோடு வாங்கி, எந்த அலகில் எந்தக் கணிதம் வருகிறது என்று குறித்து, இங்கே என் கல்லூரியின் கணிதத் துறைத் தலைவரிடம் நேரில் கொடுத்தேன். அவர் ஒரு மணி நேரம் பொறுமையாகப் படித்துப் பார்த்து, கணிதம்தான் என்று கையெழுத்துப் போட்டார். இந்த முழுப் பயணத்திலும் எனக்கு மிகவும் சந்தோஷமான மாலை அதுதான்.

பெயரோடு இனிஷியல் உள்ளவர்கள் கவனியுங்கள். பட்டத்தில் அப்பாவின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் கணவரின் பெயர் என்று இருந்தால் இங்கே இரண்டு ஆட்கள். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் மாநிலத்தின் ‘டீச்’ இணையதளம், தேர்வுப் பதிவு, பின்னணிச் சோதனைக்கான கைரேகை, கல்லூரிக் கணக்கு எல்லாவற்றிலும் அடையாள அட்டையில் உள்ளபடியே, ஓர் எழுத்துகூட மாறாமல் ஒரே பெயரைக் கொடுங்கள். பட்டத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஓர் அஃபிடவிட் முதல் நாளிலேயே தயாராக இருக்கட்டும்.

வகுப்பு மாலை ஆறு மணிக்கு. ரெஜிஸ்ட்ரார், ஃபீஸ் கவுன்டர், சுகாதார மையம் எல்லாம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வேலை பார்ப்பவர்களுக்கென்றே நடத்தும் படிப்பில் ஒரு நாளாவது ஏழு மணிவரை திறந்து வைக்கக்கூடாதா? அரை நாள் லீவு போட்டுப் போனால், கையெழுத்துப் போடுகிறவர் செவ்வாய், வியாழன் மட்டும்தான் வருவார் என்கிறார்கள். இதை இணையதளத்தில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

அப்படி ஓடியது எதற்கென்றால், தடுப்பூசிச் சான்றுக்கு. நியூயார்க்கில் கல்லூரியில் சேர்பவர்கள், 1957இலோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால், தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்டவேண்டும். நாற்பது வயதில் சின்ன வயசுத் தடுப்பூசி அட்டைக்கு எங்கே போவது? என் பதிவையே நிறுத்தி வைத்துவிட்டார்கள். அட்டையைத் தேடி ஊரில் இருப்பவர்களை அலைக்கழிக்காதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்ற அறிக்கையைக் கொடுத்தால் போதும். கவுன்டரில் இருந்தவர் இதைச் சொல்லவில்லை. என் குடும்ப டாக்டர்தான் சொன்னார்.

இனி முக்கியமான விஷயம், ஸ்டூடண்ட் டீச்சிங், அதாவது பள்ளிக்கூடத்திலேயே பாடம் நடத்திப் பழகும் பயிற்சி. மாலை வகுப்பு என்றால் வகுப்பு மட்டும்தான் மாலையில். பள்ளிக்கூடம் பகலில்தான் நடக்கும். முதலில் 100 மணி நேரம் பள்ளிகளில் களப் பயிற்சி; அதில் 15 மணி நேரம் மாற்றுத்திறனாளி மாணவர்களோடும், 15 மணி நேரம் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்களோடும். அதன் பிறகு ஒரு முழு செமஸ்டர், 70 பள்ளி நாட்கள், காலை முதல் பள்ளி முடியும்வரை, சம்பளமில்லாமல். சேரும்போது இதைக் கேட்டேன். “அது கடைசியில் வருவது, அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்றார் ஆலோசகர். அந்த ஒரு பதிலை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. என்னோடு சேர்ந்த ஒருவர், இரண்டு பிள்ளைகளின் அப்பா, எல்லாப் பாடங்களையும் முடித்துவிட்டு இந்த இடத்தில் நின்றுவிட்டார். வேலையை விட்டால் வீடு நடக்காது. அவரைப் போல் நல்ல கணித ஆசிரியர் அமைவது கஷ்டம்.

நான் ஆபீஸில் ஒரு வருடம் முன்னாலேயே பேசி, சம்பளமில்லா விடுப்பு வாங்கினேன். விடுப்பில் மருத்துவக் காப்பீடு தொடராது என்றார்கள். உங்களுக்கும் அப்படியானால், கணவர் அல்லது மனைவியின் கம்பெனிக் காப்பீட்டில் சேர, பழையது முடிந்த நாளிலிருந்து பொதுவாக 30 நாள்தான் அவகாசம். தவறவிட்டால் அடுத்த ஓப்பன் என்ரோல்மென்ட் (ஆண்டுக்கொரு முறை காப்பீட்டில் சேரவிடும் காலம்) வரை காத்திருக்க வேண்டும். விடுப்பே கிடைக்காது என்பவர்கள் ‘டிரான்சிஷனல் பி’ என்ற தற்காலிகச் சான்றிதழ் வழியை விசாரியுங்கள். பழைய வேலையை விடவேண்டும்தான், ஆனால் பகலில் சம்பளத்தோடு ஆசிரியர், மாலையில் மாணவர்.

அந்த 70 நாட்கள் நன்றாகப் போயின. ஒன்பதாம் வகுப்பு அல்ஜிப்ரா. எனக்கு வாய்த்த ஆசிரியை தங்கமானவர்.

தேர்வுகள் இரண்டு: எல்லா வகை மாணவர்களுக்கும் கற்பிப்பது பற்றிய இ.ஏ.எஸ்., பிறகு கணிதப் பாடத் தேர்வு. பழைய வழிகாட்டிகளில் எட்டிபிஏ (பாடம் நடத்துவதை வீடியோ எடுத்து அனுப்பும் மதிப்பீடு) என்று பயமுறுத்துவார்கள். 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். துன்புறுத்தல் தடுப்புக்கான டாசா பயிற்சி ஆறு மணி நேரம், ஒரு சனிக்கிழமையில் முடிந்தது. கைரேகைக்கு முன்பதிவு செய்யும்போது கல்வித் துறைக்கான சேவைக் குறியீட்டைத்தான் கொடுக்கவேண்டும். வேறு குறியீடு போட்டால் ரேகை வேறு துறைக்குப் போய்விடும், மறுபடியும் பணம்.

எல்லாம் முடிந்து, கல்லூரி தன் பரிந்துரையை ‘டீச்’சில் ஏற்றவேண்டும். அந்த ஒரு க்ளிக்குக்காக ஜூலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். பொறுப்பாளர் விடுமுறையில் போயிருந்தார். பள்ளிகள் ஆள் எடுப்பதே கோடையில்தான். பட்டமளிப்புக்கு முன்பே, யார் ஏற்றுவார், எந்தத் தேதியில், அவர் இல்லையென்றால் வேறு யார் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனிஷியல் சர்டிபிகேட் ஐந்து ஆண்டுகளுக்குத்தான். அதற்குள் மூன்று ஆண்டு பாடம் நடத்தி, அடுத்த கட்டமான புரொஃபஷனல் சர்டிபிகேட்டுக்கு மாறவேண்டும். ஊர் எம்.எஸ்சி. மதிப்பீட்டு அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். பல பள்ளி மாவட்டங்களில் மாஸ்டர்ஸுக்கு மேல் உள்ள கிரெடிட்டுக்குத் தனிச் சம்பளப் படி உண்டு. நான் போன வாரம்தான் அதற்கு விண்ணப்பித்திருக்கிறேன், பாடத்திட்ட நகலையும் சேர்த்து.