மாட்டுக் கொட்டம் காளான் கொட்டம் ஆகிறது

பிப்ரவரி 4, 2024, ஞாயிறு

பசுவை விற்று எட்டு மாதம் ஆகிவிட்டது. பின்பக்கத்துக் கொட்டம் காலியாகத்தான் கிடக்கிறது. மதுரை ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் காளான் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து அந்தக் கொட்டத்தின் மேலேயே கண். பத்துக்குப் பன்னிரண்டு அடி, நாலு பக்கமும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கிழக்கே வாசல், மேலே சாய்வாக ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்.

இன்று மத்தியானம் இரண்டரை மணிக்குச் சூடும் ஈரப்பதமும் காட்டும் சின்ன மீட்டரை உள்ளே தொங்கவிட்டுப் பார்த்தேன். வெளியே நிழலில் 34 டிகிரி, உள்ளே 40. சிப்பிக் காளானுக்கு 25 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது, 28 வரைக்கும் சமாளிக்கும். ஈரப்பதம் 80க்கு மேல் நிற்க வேண்டும், மீட்டரோ 38 என்று காட்டுகிறது. மாசியே பிறக்கவில்லை, இப்போதே இப்படி. "மாட்டுக்கே பங்குனி சித்திரையில மூச்சு வாங்கும், காளான் நிக்குமாடி?" என்று அம்மா கேட்டாள். சரியான கேள்விதான். அதற்குப் பதில் தேடித்தான் இதை எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 7

ஏசி போடுவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. காளானுக்கு ஏசி வைத்தால் கரண்ட் பில்லில் லாபம் போய்விடும், காற்றையும் அது உலர்த்திவிடும். முதலில் வெயில் உள்ளே வரும் வழியை அடைப்பது, மிச்சத்தைத் தண்ணீர் வைத்துப் பார்ப்பது.

சூட்டைத் தடுக்கும் விரிப்புகளைத் தொங்கவிட, கூரையில் ஓட்டை போட்டு ஆணி அடிக்கலாம் என்று தச்சர் அண்ணன் சொன்னார். வேண்டாம் என்றேன். பழைய ஆஸ்பெஸ்டாஸைத் துளை போட்டாலோ அறுத்தாலோ வரும் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, பல வருஷம் கழித்து நோயாக நிற்கும். ஷீட்டைத் தொடாமல், உள்ளே தனியாகச் சவுக்குக் கம்பில் ஒரு சட்டம் கட்டி அதில் எல்லாவற்றையும் தொங்கவிடலாம் என்று பேசி முடித்தோம். உங்கள் வீட்டிலும் அந்தப் பழைய ஷீட்தான் என்றால் இதை மட்டும் கட்டாயம் கேளுங்கள்.

ஷீட்டின் மேலே மட்டும், தூசியைத் தேய்க்காமல், தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டு நீளக் குச்சித் தூரிகையால் சுண்ணாம்பு இரண்டு கை அடித்தோம். மறுநாள் அதே இரண்டரை மணிக்கு உள்ளே 37. சுண்ணாம்பு ஒன்றே மூன்று டிகிரி இறக்கியிருக்கிறது! இதைவிட மலிவான வேலை கிடையாது.

பிப்ரவரி 11, ஞாயிறு

சட்டம் கட்டியாயிற்று. ஷீட்டுக்குக் கீழே நாலு அங்குல இடைவெளி விட்டு அலுமினிய பபுள் ஃபாயில், அதற்கும் கீழே 50 மில்லிமீட்டர் தெர்மாகோல்.

அந்த இடைவெளி எதற்கு என்று அண்ணன் கேட்டார், ஃபாயிலை நேராக ஷீட்டோடு ஒட்டிவிட்டால் வேலை சுலபம் அல்லவா என்றார். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் முகத்தில் அடிக்கிறதே அனல், அதேபோலச் சூடான ஷீட்டும் கீழே அனலை வீசுகிறது. பளபளப்பான ஃபாயில் அந்த அனலைத் திருப்பி அனுப்பும், ஆனால் நடுவில் காற்று இருந்தால்தான். ஒட்டி வைத்தால் சூடு ஷீட்டிலிருந்து ஃபாயிலுக்குக் கைமாறிவிடும், பளபளப்பால் ஒரு பயனும் இல்லை. இடைவெளியின் இரண்டு முனையையும் திறந்து விட்டிருக்கிறோம், கூரை சாய்வாக இருப்பதால் சூடான காற்று மேட்டுப் பக்கமாகத் தானே ஏறி வெளியேறிவிடும். முனைகளில் எலி வலை அடித்தோம், தெர்மாகோலுக்குள் எலியும் எறும்பும் வீடு கட்டிவிடும் என்று இரண்டு பேர் எச்சரித்தார்கள்.

தெர்மாகோல் ஒன்று ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம். வீணாவதையும் சேர்த்து 26 ஷீட் ஆனது. இடுக்குகளை எல்லாம் டேப் வைத்து அடைத்து, அடியில் கெட்டியான பாலித்தீன் விரிப்பு இழுத்துக் கட்டினோம், ஈரம் மேலே ஏறாது, கழுவவும் லேசு. தெர்மாகோல் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் கொட்டத்துக்குள் விளக்கோ சாம்பிராணியோ கிடையாது என்று அம்மாவிடமும் சொல்லி வைத்தேன்.

பிப்ரவரி 14

மத்தியானம் உள்ளே 32. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு 33! வெளியே சில்லென்று இருக்கிறது, உள்ளே புழுக்கம். ஒவ்வொரு சுவராகக் கையை வைத்துப் பார்த்தேன். மேற்குச் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. சாயங்கால வெயில் முழுவதையும் அந்தச் செங்கல் குடித்துவிட்டு ராத்திரியில் உள்ளே கக்குகிறது.

உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டலாமா என்று யோசித்துவிட்டு விட்டேன். வெயில் சுவரைத் தொடும் முன்பே நிறுத்துவதுதான் சரி என்று பட்டது. சுவருக்கு வெளியே ஒரு அடி தள்ளி மூங்கில் நட்டு, தென்னங்கீற்று முடைந்து தட்டி கட்டினோம். அடியில் பீர்க்கங்கொடி போட்டிருக்கிறேன், ஏறினால் இன்னும் நல்லது.

பிப்ரவரி 20

ராத்திரி 28க்கு இறங்கிவிட்டது. தட்டி வேலை செய்கிறது.

தரையைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு தெளித்து, மூன்று அங்குலத்துக்கு எம் சாண்ட் கொட்டினோம். காலையிலும் மாலையிலும் அதை நனைக்க வேண்டும். சுவரைச் சுற்றி ஈரச் சாக்கு தொங்குகிறது. ஒரே ஒரு எல்இடி விளக்கு, செய்தித்தாள் படிக்கிற அளவு வெளிச்சம் காளானுக்குப் போதும். ஈரத்தில் நின்று சுவிட்ச் தொடுகிற இடம் என்பதால் கொட்டத்துக்கென்று தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச், போடச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் தேவையில்லை என்றார், நான் விடவில்லை.

மத்தியானம் 28, ஈரப்பதம் 82. மீட்டரை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "மாட்டுக்குக்கூட இம்புட்டு பாக்கலையே நாம" என்றாள். குரல் கொஞ்சம் கம்மியது.

மார்ச் 2

முதல் முப்பது பை. மேலூர்ப் பக்கத்து வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஐந்து மணி நேரம் ஊறவைத்து, டிரம்மில் ஒரு மணி நேரம் வேகவைத்து நிழலில் உலர்த்தினோம். கையில் பிடித்து முறுக்கினால் தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் கை ஈரமாக வேண்டும். அந்தப் பதம் சொல்லிக்கொடுத்து வராது. வைக்கோல் ஒரு அடுக்கு, காளான் விதை ஒரு அடுக்கு என்று போட்டுக் கட்டி, ஒரு புட்டி விதைக்கு இரண்டு பை என்று கணக்கு.

மார்ச் 18

இருபத்தெட்டு பை காளான் இழை பரவிப் பால்போல வெளுத்துவிட்டது. இரண்டில் பச்சைப் பூசணம், கடைசியில் கட்டியவை, ஈரம் கூடியிருக்கும். அவிழ்க்காமலே தூக்கிப்போய் வேலி ஓரத்தில் ஆழமாகப் புதைத்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

மொட்டு வந்தது, ஆனால் இது காளானா? காம்பு விரல் நீளத்துக்கு நீண்டு, தலை பொத்தான் அளவில் நிற்கிறது. மூன்று நாளாகத் தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன், ஒன்றும் மாறவில்லை. பயிற்சியில் எழுதிய நோட்டைப் புரட்டியபோதுதான் பிடிபட்டது. காளானும் நம்மைப் போல மூச்சு விடுகிறது, கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. அது உள்ளேயே தேங்கினால் காம்பு காற்றைத் தேடி நீளும், தலை விரியாது.

சூடு வரக் கூடாது என்று ஒவ்வொரு இடுக்காக டேப் ஒட்டினேனே, காற்று வரும் வழியையும் சேர்த்து அடைத்துவிட்டேன். மாடு கட்டியிருந்த காலத்தில் அப்பா வடக்குச் சுவரில் கீழே விட்டிருந்த இரண்டு ஜன்னல் ஓட்டைகளை நான்தான் செங்கல் வைத்துப் பூசச் சொன்னேன்.

மார்ச் 27

அந்த இரண்டு ஓட்டைகளையும் திறந்தாயிற்று. காளான் ஈ நுழையாதபடி நெருக்கமான நைலான் வலை, அதன் முன்னால் ஈரச் சாக்கு, வருகிற காற்று நனைந்து குளிர்ந்து வரும். எதிரே தெற்குச் சுவரின் உச்சியில் ஒன்பது அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். டைமர் வைத்து மணிக்கு ஐந்து நிமிடம், ராத்திரியில் பதினைந்து நிமிடம், ராத்திரிக் காற்றுத்தான் குளிர்ந்த காற்று. மத்தியானம் ஒரு டிகிரி கூடி 29 ஆகிறது. அந்த ஒரு டிகிரியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஏப்ரல் 3

இரண்டாவது எடுப்பு. தலை உள்ளங்கை அகலம், காம்பு குட்டை. ஓரம் சுருளும் முன்பே, முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு பறித்தேன், விரிந்துவிட்டால் வித்துத்தூள் பறந்து இருமல் வரும். நாலு கிலோ இருநூறு. அம்மா மிளகு தட்டிப்போட்டு வறுத்தாள், முதல் தட்டு பக்கத்து வீட்டுக்குப் போனது.

ஏப்ரல் 7, ஞாயிறு

வெளியே 39, எவ்வளவு நனைத்தாலும் உள்ளே 31. சிப்பிக் காளானை இனி ஆடி கழித்துத்தான் தொடுவேன். ஆனால் கொட்டத்தைச் சும்மா போட மனமில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏபிகே 2 பால் காளானுக்கு 30லிருந்து 35 டிகிரி வரை ஒத்துக்கொள்ளும், நம் ஊர்க் கோடைக்கு அதுதான் தோது. இருபது பை கட்டினேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

அழகர் ஆற்றில் இறங்கும் நாள். விடியுமுன் போய் வைகைக்கரைக் கூட்டத்தில் நின்று கும்பிட்டு, தெருவெல்லாம் பீய்ச்சிய தண்ணீரில் நனைந்து, எட்டரை மணிக்கு வீடு திரும்பினேன். பைகள் எல்லாம் வெளுத்திருக்கின்றன. பால் காளானுக்கு மேலே மூடுவதற்கென்று அவித்து ஆறவைத்திருந்த மண்ணை எடுத்துவந்து, ஒவ்வொரு பையையும் குறுக்கே பாதியாக வெட்டி, மேலே முக்கால் அங்குலம் பரப்பினேன். நாற்பது துண்டு. அம்மா தெளிப்பானோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். மீட்டரில் 31, ஈரப்பதம் 84. பீர்க்கங்கொடி தட்டியின் பாதிக்கு ஏறியிருக்கிறது, முதல் பூவும் விட்டிருக்கிறது.