சாம்பல் பூனை

கேமரா வாங்கிய முதல் மாதம் முழுக்க, எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும் ஆட்டோ மோடிலேயே ஓட்டினேன். நன்றாக வந்த படம் எப்படி வந்தது, சொதப்பிய படம் ஏன் சொதப்பியது, ஒன்றும் தெரியாது. என்னைப் பாடம் படிக்க வைத்தது வீட்டில் வளரும் பூனைதான்.

தும்பைப்பூ மாதிரி வெள்ளை அது. வெள்ளைப் போர்வையில் சுருண்டு கிடந்தபோது எடுத்தேன். படத்தில் பார்த்தால் சாம்பலில் புரண்டு எழுந்தது போல இருக்கிறது. போர்வையும் அப்படியே. லென்ஸில் அழுக்கு என்று நினைத்து, துடைத்துத் துடைத்து எடுத்ததில் லென்ஸ்தான் பளபளத்தது.

அப்புறம்தான் படித்தேன். கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு வெள்ளை, கறுப்பு என்ற பேதமே கிடையாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று நம்பித்தான் கணக்குப் போடும். தன் மேல் விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல். வெள்ளைப் பூனையைப் பார்த்தால் 'அடேயப்பா, என்ன வெயில்!' என்று வெளிச்சத்தைக் குறைத்துவிடும். சந்தேகம் தீர ஒரு கறுப்புக் குடையை விரித்து, படம் முழுக்க அதுவே நிறையும்படி எடுத்தேன். அதுவும் சாம்பல்! கேமரா போட்ட கணக்கை நாம் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் பூனைக்கு ஒரு ஸ்டாப் கூட்டினேன், குடைக்கு ஒன்று குறைத்தேன். பூனை பூனையானது, குடை குடையானது.

ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு, அல்லது பாதி. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/125 விநாடியிலிருந்து 1/60-க்கு மாற்றினால் ஒளி ஏறக்குறைய இரு மடங்கு. இது சுலபம். லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பெர்ச்சர்தான் படுத்தியது. 2, 2.8, 4, 5.6, 8... இது எந்த ஊர் வாய்ப்பாடு? எண் ஏற ஏற வெளிச்சம் குறைவது வேறு குழப்பம். காகிதத்தில் வட்டம் வரைந்த பிறகே பிடிபட்டது. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் 50-ஐ 2-ஆல் வகுத்து, துளை 25 மி.மீ. எஃப் 4 என்றால் 12.5. விட்டம் பாதியானால் பரப்பு காலாகிவிடும். ஆக, 2-க்கும் 4-க்கும் நடுவே இரண்டு ஸ்டாப். இடையில் நிற்பதுதான் 2.8, அதாவது 2-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது. பள்ளியில் வர்க்கமூலம் எதற்கு என்று கேட்டவன் நான்.

துளையை அகலத் திறந்தால் பின்னணி கரையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கிட்டே போய் எஃப் 1.8-இல் எடுத்தால் பூனையின் மூக்கு கூர்மை, காது பஞ்சு. கண்ணில் ஃபோகஸ் வைக்கப் பழகவே ஒரு வாரம் ஆனது.

சாயங்கால வெளிச்சத்தில் 1/15-இல் எடுத்தவையெல்லாம் கை ஆடிப் பாழ். 50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தால் 1/50-க்குக் கீழே போகாதே என்பார்கள். ஆனால் பொருள் நகர்வது வேறு கதை. 1838-இல் புகைப்படக் கலையின் முன்னோடி டாகுவேர் பாரீஸ் தெரு ஒன்றைப் படம் பிடித்தார். ஒளி பதியப் பல நிமிடங்கள் பிடித்ததால் நடமாடியவர்கள் யாரும் படத்தில் விழவில்லை. காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவர் பதிந்திருக்கிறார்.

நேற்று கேமராவைப் புத்தக அடுக்கின் மேல் வைத்து, டைமர் போட்டு, அரை விநாடி திறந்து பார்த்தேன். பூனை ஜன்னலோரம் சிலையாக உட்கார்ந்திருந்தது, வாலைத் தவிர. படத்தில் மீசை முடி வரை எண்ணலாம். வால் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை.